சுடாத துப்பாக்கி

  

இந்த மாதச் சுவர் இதழில் "அறிவோம் வாங்க" பகுதிக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு துப்பாக்கி. உடனே "பொம்பளப் புள்ளைக்குத் துப்பாக்கி எதுக்கு?" என்று யாரும் கேட்க வேண்டாம். நான் சொல்லப் போவது சுடவே சுடாத துப்பாக்கியைப் பற்றி. பாடம் நடத்துவதற்காகவே செய்த துப்பாக்கி அது. அமெரிக்காவில் அதைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏன் சேர்க்கிறார்கள், எப்படிச் சேர்க்க வேண்டும், அதில் நமக்கு என்ன பாடம் இருக்கிறது என்று பார்ப்போம்.

டெக்ஸ் வில்லர் கையில் இருப்பது என்ன?

லயன் காமிக்ஸ் படிக்கிறவங்களுக்கு டெக்ஸ் வில்லரைத் தெரியும். அந்தக் கதைகளில் குதிரையில் வருகிறவர்கள் துப்பாக்கிக்கு அடியில் இருக்கும் ஒரு வளையத்தைக் கையால் கீழே தள்ளுவாங்க, மேலே இழுப்பாங்க. டுமீல்! மறுபடி தள்ளி இழுத்தால் மறுபடி டுமீல்! அந்த வளையத்துக்குப் பெயர் லீவர். தமிழில் நெம்புகோல். அறிவியல் பாடத்தில் படித்தோமே, அதே நெம்புகோல்தான். இந்த வகைத் துப்பாக்கியை லீவர் ஆக்ஷன் ரைஃபிள் என்று சொல்வார்கள். நாம் நெம்புகோல் துப்பாக்கி என்று வைத்துக்கொள்வோம்.

இது வருவதற்கு முன்னால் ஒரு முறை சுட எவ்வளவு வேலை தெரியுமா? குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டணும். குண்டைப் போடணும். நீளமான கம்பியால் இடிக்கணும். பின்னால் ஒரு சின்னத் தொப்பி போன்ற மூடியை மாட்டணும். அப்புறம்தான் சுடலாம். நன்கு பழகிய சிப்பாய்கூட ஒரு நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டால் பெரிய விஷயம்.

ஊக்குக்காரரும் சட்டைக்காரரும்

நாம் தாவணியில் குத்துகிற ஊக்கு இருக்கிறதே, அதற்கு 1849-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் வால்ட்டர் ஹண்ட். அந்த உரிமையை வெறும் 400 டாலருக்கு விற்றுவிட்டார். அதே ஹண்ட்தான் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் வைத்து, அதில் தோட்டாக்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாக மேலே கொண்டுவரும் துப்பாக்கியையும் யோசித்தார். யோசனை நல்ல யோசனை. ஆனால் சரியாக வேலை செய்யவில்லை.

அதைப் பலர் திருத்தினார்கள். ஹோரஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் என்ற இருவர் 1854-ல் அதற்கு ஒரு வடிவம் கொடுத்தார்கள். பிறகு அந்தத் தொழில் ஆலிவர் வின்செஸ்டர் கைக்கு வந்தது. இவர் யார் என்று நினைக்கிறீங்க? சட்டை தைத்து விற்கும் கம்பெனி வைத்திருந்தவர்! கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவன் என்ற ஊர்க்காரர். அவருடைய தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்த பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860-ல் ஒரு துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். குழாயில் 16 தோட்டாக்கள் வரை போடலாம். அதற்கு ஹென்றி ரைஃபிள் என்று பெயர். அலங்காரம் செய்த ஒரு ஹென்றி ரைஃபிளை ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனுக்கே பரிசாகக் கொடுத்தார்கள். அதன் வரிசை எண் 6. அது இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1866-ல் கம்பெனியின் பெயர் வின்செஸ்டர் என்று மாறியது. 1866, 1873, 1876, 1886, 1892, 1894, 1895 என்று மாடல்கள் வரிசையாக வந்தன. ஆண்டுதான் மாடலின் பெயர். அதனால் மனப்பாடம் செய்வது சுலபம்!

உள்ளே என்ன நடக்குது?

1873 மாடலை எடுத்துக்கொள்வோம். லீவர் ஓர் ஆணியை ஆதாரப்புள்ளியாக வைத்துச் சுழலும். கை பிடிக்கும் பக்கம் நீளம், உள்ளே இருக்கும் பக்கம் குட்டை. அதனால் கொஞ்சம் பலம் கொடுத்தாலே போதும்.

1. லீவரைத் தள்ளியதும் உள்ளே இருக்கும் இரண்டு இணைப்புத் துண்டுகள் மடங்கும். நம்ம முழங்கால் மடங்குவது போலத்தான்.
2. அவை மடங்கும்போது குழலின் பின்வாயை அடைத்துக்கொண்டிருந்த அடைப்பான் பின்னால் நகரும். சுட்டு முடிந்த காலித் தோட்டாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும்.
3. பின்னால் போகிற வேகத்தில் அதுவே சுத்தியலையும் பின்னுக்குச் சாய்த்து வைத்துவிடும்.
4. கடைசியில் ஒரு பித்தளைக் கட்டை லிஃப்ட் மாதிரி மேலே வரும். அது காலித் தோட்டாவை வெளியே தட்டிவிட்டு, புதுத் தோட்டாவைக் குழல் வாய்க்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தும்.
5. லீவரை இழுத்து மூடினால் அடைப்பான் புதுத் தோட்டாவை உள்ளே தள்ளும். லிஃப்ட் இறங்கும். கீழ்க்குழாயில் உள்ள சுருள்வில் அடுத்த தோட்டாவை அதில் தள்ளும்.
6. மடங்கிய இணைப்புகள் நேராகிவிடும். காலை விறைப்பாக நேராக வைத்து நின்றால் முழங்கால் மடங்காது இல்லையா? அது போல அடைப்பான் பின்னால் வராமல் பூட்டிக்கொள்ளும்.

ஒரு தள்ளு, ஒரு இழு. இத்தனை வேலையும் முடிந்துவிடும்! ஆனால் எல்லாமே இரும்புச் சுவருக்கு உள்ளே நடக்கிறது. வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

வெட்டிக் காட்டினார்கள்

இப்போதுதான் நம்ம தலைப்புக்கு வருகிறோம். வாங்க வருகிறவர்கள் அதுவரை ஒரு குண்டு போட்டு ஒரு முறை சுட்டுப் பழகியவர்கள். "இத்தனை சின்னச் சின்ன சாமான் உள்ள இருக்கே, சிக்கிக்காதா? பாதியில நின்னு போயிடாதா?" என்று சந்தேகப்படுவாங்க. அமெரிக்க ராணுவமே 1873-ல் தன் வீரர்களுக்கு ஒரு குண்டு மட்டும் போடும் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியைத்தான் தேர்ந்தெடுத்தது. விற்பனைக்குப் போகிறவர் வாயால் சொன்னால் யார் நம்புவார்?

அதற்காகத் துப்பாக்கியின் பக்கச் சுவரை ஜன்னல் போல வெட்டி எடுத்தார்கள். கீழ்க்குழாயில் நீளமாக ஒரு கீறல் விட்டார்கள். குழலின் பின்பகுதியையும் திறந்தார்கள். இப்போது லீவரைத் தள்ளினால் முழங்கால் மடங்குவது, லிஃப்ட் ஏறுவது, சுருள்வில் தள்ளுவது எல்லாம் கண்ணால் தெரியும். இதற்கு ஆங்கிலத்தில் கட்-அவே என்று பெயர். (நம்ம ஊர் சினிமா கட்-அவுட் இல்லைங்க!) தமிழில் வெட்டு மாதிரி என்று சொல்லலாம். ஐ.டி.ஐ.யில் மோட்டார் என்ஜினை இப்படி வெட்டி வைத்திருப்பார்கள். அறிவியல் கண்காட்சியில் கண்ணின் உள்ளமைப்பு, இதயத்தின் உள்ளமைப்பு என்று பாதி திறந்த மாதிரி வைக்கிறார்களே, அதே முறைதான். ஒரே வித்தியாசம், இது மாதிரிக்குச் செய்த பொம்மை இல்லை. நிஜத் துப்பாக்கியையே வெட்டியது.

வெட்டிய துப்பாக்கியில் சுட முடியாது. குழலும் சுவரும் திறந்து கிடந்தால் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்காது. ஆக, ஒருவரையும் கொல்ல முடியாத துப்பாக்கி இது. அதன் வேலை புரியவைப்பது மட்டும்தான்.

ஏன் இது அரிது?

1873 மாடலில் மட்டும் 7,20,000-க்கும் மேல் செய்தார்கள். 1894 மாடல் 70 லட்சத்தையும் தாண்டியது. கடைக்குப் போய் மக்கள் வாங்கியவை அவை. வெட்டு மாதிரியை எந்த வேட்டைக்காரர் வாங்குவார்? பாடம் நடத்தவும் விற்பனையாளர் பெட்டியில் வைக்கவும் சிலது போதும். புது மாடல் வந்ததும் பழைய மாதிரிக்கு வேலை இல்லை. நம்ம பழைய வரைபடச் சார்ட் எல்லாம் என்ன ஆகிறது? கிழிந்து மூலைக்குப் போகிறது. அது போலத்தான்.

அரிதான பொருளுக்கு இன்னொரு உதாரணமும் சொல்கிறேன். சோதனையில் மிக நன்றாகச் சுட்ட குழல்களைத் தனியே எடுத்து வைத்து, "ஆயிரத்தில் ஒன்று" என்று பொறித்து, 100 டாலர் விலைக்கு வின்செஸ்டர் விற்றது. 1873 மாடலில் அப்படிச் சுமார் 130 மட்டுமே செய்தார்கள். (நம்ம ஊரில் 2010-ல் கிட்டத்தட்ட இதே மாதிரிப் பெயரில் ஒரு சினிமா வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!) 1950-ல் "வின்செஸ்டர் 73" என்ற படம் வந்தபோது, "ஆயிரத்தில் ஒன்று உங்க வீட்டில் இருக்கா?" என்று படக் கம்பெனியே விளம்பரம் செய்து தேடியது. அதன் பிறகுதான் பழைய வின்செஸ்டர் சேர்க்கும் ஆசை பலருக்கும் பரவியது.

நல்ல சேகரிப்பாளர் என்ன பார்ப்பார்?

முதலில் ஆண்டு. அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டு துப்பாக்கிச் சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் செய்ததுதான் "பழம்பொருள்" என்ற கணக்கில் வரும்.

இரண்டாவது வரிசை எண். வின்செஸ்டர் கம்பெனியின் பழைய பதிவேடுகள் வையோமிங் மாநிலத்தில் கோடி என்ற ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. (கோடி ரூபாய் கோடி இல்லை. பஃபலோ பில் கோடி என்பவர் பெயரில் அமைந்த ஊர்.) எண்ணைச் சொன்னால், அந்தத் துப்பாக்கி எந்த நாளில் கிடங்குக்கு வந்தது, எப்போது அனுப்பப்பட்டது, எந்த வகைக் குழல் என்று பதிவேட்டைப் பார்த்துக் கடிதம் கொடுப்பார்கள். ஆனால் எல்லாத் துப்பாக்கிக்கும் பதிவேடு இல்லை. 70 லட்சத்துக்கு மேல் செய்த 1894 மாடலுக்கு 3,53,999 என்ற எண் வரைதான் இருக்கிறது.

மூன்றாவது, அது வந்த வழி. யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது? இதற்கு எவ்வளவு மதிப்பு என்றால், 1886 மாடலின் வரிசை எண் 1 கொண்ட துப்பாக்கி 2016-ல் 12,65,000 டாலருக்கு ஏலம் போனது. அது ஹென்றி லாட்டன் என்ற ராணுவ கேப்டனுக்குப் பரிசாகக் கொடுத்தது. அப்பாச்சி தலைவர் ஜெரோனிமோவைத் துரத்திப் போன படையை நடத்தியவர் அவர். வேறு ஒரு 1886 மாடல் பார்க்க அதே மாதிரி இருந்தாலும் இந்த விலைக்குப் போகாது. விலை இரும்புக்கு இல்லை, கதைக்கு. அந்தக் கதை உண்மையாக இருக்க வேண்டும்.

நான்காவது, தேய்க்கக் கூடாது! பழைய செப்புக் காசைப் புளி போட்டுப் பளபளன்னு தேய்த்தால் என்ன ஆகும்? எழுத்து அழிந்து மதிப்பே போய்விடும். துப்பாக்கியும் அப்படித்தான். பழைய நிறம், கைபட்டுத் தேய்ந்த இடம் எல்லாம் சாட்சிகள்.

பொய் வெட்டு

இங்கேதான் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. வெட்டு மாதிரிக்கு மதிப்பு அதிகம் என்றதும், முழுசாக இருக்கும் ஒரு பழைய துப்பாக்கியை எடுத்து இப்போது வெட்டிவிட்டு, "இது தொழிற்சாலையில் அந்தக் காலத்திலேயே வெட்டியது" என்று விற்கலாம் இல்லையா? அதனால் வாங்குகிறவர் வெட்டிய ஓரத்தைத்தான் முதலில் பார்ப்பார். துப்பாக்கி முழுதும் நூறு வருஷப் பழுப்பு நிறம், வெட்டின ஓரம் மட்டும் நேற்று அரம் போட்டது போல வெள்ளையாக இருந்தால் சந்தேகம் வரும். ஜன்னல் சரியான இடத்தில் இருக்கிறதா, எல்லா பாகமும் நகர்வது தெரிகிறதா என்றும் பார்ப்பார். பாடம் நடத்த வெட்டியவன் பாடம் புரிகிற மாதிரிதான் வெட்டியிருப்பான். காசுக்கு வெட்டியவனுக்கு அந்தக் கவலை இருக்காது.

இப்படிப் பொய்யாக வெட்டுவதால் நஷ்டம் வாங்கினவருக்கு மட்டும் இல்லை. ஒரு உண்மையான பழைய துப்பாக்கி அழிந்துவிட்டது. அதை மறுபடி ஒட்ட முடியாது. கூடவே, உண்மையான வெட்டு மாதிரிகள் மேலேயும் சந்தேகம் விழுந்துவிடுகிறது. ஒரு பொய் இரண்டு உண்மையைக் கெடுக்கிறது.

எந்த மேற்கு? யாருடைய மேற்கு?

வின்செஸ்டரை "மேற்கை வென்ற துப்பாக்கி" என்று விளம்பரம் செய்தார்கள். வெல்வதற்கு அந்த மேற்கு காலியாகவா கிடந்தது? லகோட்டா, செயென் போன்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்த மண் அது. துப்பாக்கியைச் சேர்க்கிறவர் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

1876 ஜூன் 25 அன்று மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கஸ்டர் என்ற அதிகாரியின் படை லகோட்டா, செயென் மக்களின் முகாமைத் தாக்கியது. ராணுவத்திடம் ஒற்றைக் குண்டு ஸ்பிரிங்ஃபீல்டு. பூர்வகுடி வீரர்களில் பலரிடம் வில் அம்பு, சிலரிடம் ஹென்றியும் வின்செஸ்டரும். கஸ்டரும் அவரோடு நின்ற 200-க்கும் மேற்பட்டவர்களும் இறந்தார்கள். அந்தப் போரில் பூர்வகுடி மக்கள் ஜெயித்தார்கள். ஆனால் பிறகு மண்ணை இழந்தது அவர்கள்தான்.

1983-ல் அந்த இடத்தில் புல் தீப்பிடித்து எரிந்தது. தரை தெரிந்ததும் 1984, 1985-ல் தொல்லியல் ஆய்வாளர்கள் தோண்டினார்கள். காலித் தோட்டாக்கள் கிடைத்தன. ஒவ்வொரு துப்பாக்கியின் ஊசியும் தோட்டாவில் தனி அடையாளம் விடும், நம்ம கைரேகை மாதிரி. அதை வைத்து ஒரே துப்பாக்கி எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு நகர்ந்தது என்று கண்டுபிடித்தார்கள். நூறு வருஷம் கழித்து அந்தக் காலித் தோட்டா சாட்சி சொன்னது! ஆனால் ஒருவர் தன்னிடம் இருக்கும் பழைய துப்பாக்கியின் ஊசியை அரம் போட்டுத் தேய்த்திருந்தால்? சாட்சியின் வாயை அடைத்த மாதிரிதான்.

மரத்தில் சாய்ந்திருந்த துப்பாக்கி

2014 நவம்பரில் நெவாடா மாநிலத்தில் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் ஆய்வாளர்கள் ஒரு ஜூனிப்பர் மரத்தில் ஏதோ சாய்ந்திருப்பதைப் பார்த்தார்கள். கிட்டே போனால் 1873 மாடல் வின்செஸ்டர்! கட்டை வெயில் மழையில் வெளுத்து மரத்தின் நிறத்துக்கே மாறிவிட்டது. அடிப்பகுதி மண்ணில் புதைந்திருந்தது. எண்ணைப் பதிவேட்டில் பார்த்தபோது அது 1882-ல் செய்தது என்று தெரிந்தது. யார் சாய்த்து வைத்தார், ஏன் திரும்பி வரவில்லை என்பதற்கு விடை கிடைக்கவில்லை.

கோடி அருங்காட்சியகத்தில் அதைத் தேய்க்கவில்லை, புதுசாக்கவில்லை. மேலும் கெடாமல் மட்டும் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே பார்க்க அதை வெட்டவும் இல்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். கட்டையின் அறைக்குள் ஒரு தோட்டா இருந்தது!

இதைக் கவனிங்க. அந்தக் காலத்தில் உள்ளே பார்க்க வெட்டினார்கள். இந்தக் காலத்தில் வெட்டாமலே பார்க்க வழி இருக்கிறது. எனவே இனிமேல் ஒரு பழைய துப்பாக்கியை வெட்ட எந்த நியாயமும் இல்லை. அன்றைக்கு வெட்டியதை அப்படியே காப்பாற்றணும். வெட்டாததை வெட்டாமலே காப்பாற்றணும்.

நாம் தெரிந்துகொண்டது

வின்செஸ்டரின் நியூ ஹேவன் தொழிற்சாலை 2006-ல் மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்களின் கைத்திறன் அந்தப் பழைய துப்பாக்கிகளில்தான் மிச்சம் இருக்கிறது. முழுத் துப்பாக்கியைக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்தால் அதன் அழகு மட்டும் தெரியும். வெட்டு மாதிரியைப் பார்த்தால் ஒரு மனிதன் எப்படி யோசித்தான் என்பது தெரியும். எனக்குக் கேட்டால், ஒரு அருங்காட்சியகத்தில் பத்துத் துப்பாக்கி இருந்தால் நம்மைப் போன்ற பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டியது அந்த வெட்டியதைத்தான். அதைப் பார்த்த பிள்ளைக்குத் துப்பாக்கி தூக்கும் ஆசை வராது, நெம்புகோல் புரியும்.

நம் வீட்டுப் பரணிலும் பழைய பொருள் இருக்கும். தாத்தாவின் கடிகாரம், அளவுப் படி, ஓலைச்சுவடி, காசு. அதைத் தேய்க்காதீங்க, பெயின்ட் அடிக்காதீங்க, எடைக்குப் போடாதீங்க. அது யாருடையது, எப்போது வாங்கியது, எப்படி நம்ம வீட்டுக்கு வந்தது என்று பாட்டியிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அதோடு வைங்க. தெரிந்ததை மட்டும் எழுதுங்க. பெருமைக்காக ஒரு வார்த்தை கூட்டி எழுத வேண்டாம். பின்னால் வருகிறவங்க அந்தத் தாளை நம்புவாங்க.

உங்களுக்குச் சில கேள்விகள்

1. ஊக்குக்குக் காப்புரிமை பெற்றவர் யார்? எந்த ஆண்டு?
2. லீவரைத் தள்ளும்போது முழங்கால் போல மடங்குவது எது?
3. வெட்டு மாதிரித் துப்பாக்கியில் ஏன் சுட முடியாது?
4. பழைய பொருளை ஏன் தேய்க்கக் கூடாது? (சொந்த நடையில் ஐந்து வரிக்கு மிகாமல் எழுதுக.)

விடைகளைத் தாளில் எழுதி, சுவர் இதழ்ப் பெட்டியில் வெள்ளிக்கிழமைக்குள் போடுங்க. சரியான விடைகள் அடுத்த இதழில் வரும்.

 

— ஒன்பதாம் வகுப்பு மாணவி